பட்டம் பார்க்காத வண்டி

சாலையிலே சங்கொலி எழுகிறது. ஆலைச் சங்கு அல்ல, ஆம்புலன்ஸ் வண்டியின் சங்கு. பேருந்து ஒதுங்குகிறது; லாரி ஒதுங்குகிறது; செல்வச் சீமானின் காரும் ஒதுங்கி நின்று வழி விடுகிறது. உள்ளே கிடப்பவர் ஆலை முதலாளியா, அந்த ஆலையிலே இயந்திரத்தில் கை நசுங்கிய தொழிலாளியா என்று எவரும் கேட்பதில்லை. உயிர் போகிறது, ஒதுங்கு! அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டம் ஆதி நாள் தொட்டு இருந்து வந்ததென்று எண்ணி விடாதீர்கள். குத்துப்பட்டவன் குறுநில மன்னனாக இருந்தால் பல்லக்கு. கூலிச் சிப்பாயாக இருந்தால் பருந்துக்கும் நரிக்கும் இரை. அதுதான் பல நூறு ஆண்டுகள் உலகம் கண்ட நீதி. அந்த நீதியைத் தலைகீழாகப் புரட்டியவர் ஒருவர். வாளால் அல்ல, ஒரு வண்டியால்! செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பெயர் டொமினிக் ழான் லாரே. பிரான்சு நாட்டவர். நெப்போலியனின் படையிலே தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர்.

நெப்போலியனைத் தெரிந்த அளவுக்கு லாரேயை நம்மவர்கள் தெரிந்து கொண்டதில்லை. கொன்றவனின் பெயர் கோட்டைச் சுவரிலே. காத்தவனின் பெயர் ஏட்டின் மூலையிலே! அந்த மூலையை இன்று கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1766ஆம் ஆண்டு, சூலை 8ஆம் நாள், பிரனீசு மலையடிவாரத்திலே பொதேயான் என்னும் சிற்றூரில் லாரே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை மறைந்தார். பதின்மூன்று வயதிலே, துலூஸ் நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த தந்தையின் உடன்பிறந்தார் அலெக்சி லாரேயிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே தொழில் பழகினார். பின்னர் பாரிஸ் சென்று, தெசோ என்ற பேர்பெற்ற ஆசானிடம் பாடம் கேட்டார். 1787இல் கப்பல் மருத்துவராக வட அமெரிக்கக் கரையோரம் நியூபவுண்ட்லாந்து வரை போய் வந்தார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி விட்டார்.

திரும்பி வந்த வேளை எப்படிப்பட்ட வேளை! பிரான்சு கொதித்துக் கொண்டிருந்தது. 1789இல் பாஸ்டில் சிறைக்கோட்டை மீது மக்கள் பாய்ந்தபோது, மருத்துவ மாணவர்களோடு லாரேயும் அந்த வெள்ளத்திலே இருந்தார் என்பர். பிறப்பிலே உயர்வு தாழ்வு இல்லை என்று ஊரெல்லாம் முழங்கிய நாட்கள் அவை. முழங்கியவர்களில் பலர் பின்னாளில் பட்டமும் பதவியும் கிடைத்ததும் அதை மறந்தார்கள். லாரே மறக்கவில்லை. அவர் வாழ்வின் சிறப்பே அதுதான்.

1792இல் ரைன் படையிலே அவர் மருத்துவராகச் சேர்ந்தார். அங்கே கண்ட காட்சி அவர் உள்ளத்தைச் சுட்டது. அந்நாளிலே படைகளில் ஆம்புலன்ஸ் என்ற சொல் இருந்தது. ஆனால் அதற்குப் பொருள் வேறு. படையோடு நகரும் மருத்துவமனை என்பதே பொருள். அது படைக்கு ஒரு லீக் தொலைவு, அதாவது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓயும் வரை அது முன்னே வராது. சண்டை ஓய்ந்த பிறகும், சேற்றையும் சரக்கு வண்டிகளையும் கடந்து அது வந்து சேர ஒரு நாள் ஆகும். ஒன்றரை நாளும் ஆகும். அதுவரை காயம்பட்டவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான். வெயில் கொளுத்தும், பனி கொட்டும், குருதி வடியும். வண்டி வந்து சேரும்போது, ஏற்றிச் செல்ல உயிர் இருக்காது. புதைக்க உடல் இருக்கும்.

படையின் பெரிய அதிகாரிக்கு மட்டும் இந்தத் துன்பம் இல்லை. அவன் விழுந்தால் தூக்க ஆள் உண்டு. விழுந்து கிடந்தவர்கள் எல்லாம் உழவன் மகன், நெசவாளி மகன், செருப்புத் தைப்பவன் மகன்!

லாரே இதைக் கண்டு கண்ணீர் விட்டு நின்றுவிடவில்லை. தோழர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கண்ணீர் விடுவது எளிது. கணக்குப் போடுவது கடினம். அவர் கணக்குப் போட்டார். குதிரைகள் இழுத்துக் கொண்டு களமெங்கும் பாய்ந்தோடும் இலேசான பீரங்கி வண்டிகளை அவர் கண்டார். அவற்றைப் பறக்கும் பீரங்கிகள் என்று அழைத்தனர். கொல்லும் கருவி அவ்வளவு விரைவாகக் களத்திலே ஓட முடியுமானால், காக்கும் கருவி ஏன் ஓடக் கூடாது? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி. மேலிடத்துக்குத் திட்டம் எழுதினார், ஒப்புதல் பெற்றார். பறக்கும் ஆம்புலன்ஸ் பிறந்தது.

1797இல் இத்தாலியிலே அது முழு உருவம் பெற்றது. அதன் அமைப்பை விவரமாகச் சொல்கிறோம். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். ஏனெனில், லாரேயின் பெருமை கத்தி பிடித்த கையிலே மட்டும் இல்லை. இந்த அமைப்பிலேதான் இருக்கிறது.

மொத்தம் 340 பேர். மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் பன்னிரண்டு இலேசான வண்டிகள், நான்கு கனமான வண்டிகள். இலேசான வண்டிகளில் சமவெளிக்கென இரண்டு சக்கர வண்டிகள். மேடு பள்ளங்களுக்கென நான்கு சக்கர வண்டிகள். இரண்டு சக்கர வண்டியிலே இருவர் காலை நீட்டிப் படுக்கலாம். வண்டிக்கு அடியிலே வில் வைத்து, குலுங்காமல் பார்த்துக் கொண்டார். உள்ளே மெத்தை, பக்கங்களிலும் மெத்தை, காற்று வரச் சாளரம். படுக்கைப் பலகை சிறு உருளைகளின் மேல் வெளியே இழுபடும். காயம்பட்டவனைப் புரட்டாமல், உலுக்காமல் ஏற்றவும் இறக்கவும் முடியும்.

வண்டியோடு ஆட்கள். பிரிவுக்குத் தலைவராக ஒரு மருத்துவர். அவருக்குக் கீழே உதவி மருத்துவர்கள், குதிரை மேலே, மருந்தும் கட்டுத்துணியும் சேணப்பையிலே. பண்டகசாலைக் கணக்குப் பார்க்க ஒருவர். ஒழுங்கு பார்க்க ஒருவர். கருவிகளைச் சுமக்க ஒருவர். தூக்கிச் செல்லவும், இறந்தவர்களைப் புதைக்கவும் காலாட்கள். இவர்களோடு லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், காலணி தைப்பவர் ஆகியோரும் உண்டு. தம் தந்தையின் தொழிலை அவர் மறக்கவில்லை பாருங்கள்! குதிரையின் லாடம் கழன்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் உயிர் நிற்கும். எனவே லாடம் அடிப்பவரும் உயிர் காப்பவரே. இதை அறிந்த தலைவன்தான் களத்தை நடத்தத் தகுந்தவன்.

நாள்தோறும் இதை யார் மேற்பார்த்தது? லாரேதான். கூடாரத்திலே அமர்ந்து கட்டளை அனுப்பியவர் அல்ல அவர். வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்தப் பாதையிலே போக வேண்டும், எந்தக் குடிசையைக் கட்டுப்போடும் இடமாக்க வேண்டும் என்பதையெல்லாம் களத்தைக் கண்ணாலே கண்டு முடிவு செய்தார். காயம்பட்ட உறுப்பை எடுக்க வேண்டுமானால் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எடுப்பதே உயிரைக் காக்கும் என்பது அவர் பட்டறிவிலே கண்ட முடிவு. அந்த முடிவுக்குப் பயன் இருக்க வேண்டுமானால் வண்டி நேரத்தில் வர வேண்டும். மருத்துவமும் வண்டியும் அவருக்கு இரண்டல்ல, ஒன்று!

1798இல் எகிப்துக்குப் படை போயிற்று. பாலைவனத்திலே சக்கரம் புதையும். லாரே முகத்தைத் தொங்கப் போட்டுக் கொள்ளவில்லை. ஒட்டகத்தைப் பிடித்தார், அதன் இருபுறமும், ஆள் படுக்கும் நீளத்துக்குத் தொட்டில் கட்டினார். வண்டி போகாத இடத்திலே ஒட்டகம் போயிற்று. 1801இல் அலெக்சாந்திரியா அருகே நடந்த போரிலே, சில்லி என்ற தளபதிக்குக் களத்திலேயே கால் எடுத்துக் கொண்டிருந்தார். எதிரியின் குதிரைப்படை நெருங்கிற்று. வேலையை முடித்து, ஆளைத் தோளிலே தூக்கிக் கொண்டு ஓடினார்! வண்டி இல்லையேல் ஒட்டகம். ஒட்டகம் இல்லையேல் தோள். அதுவே அவர் கண்ட ஆம்புலன்ஸ்.

இனி, நாம் முதலிலே சொன்ன சட்டத்துக்கு வருவோம். பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கும்போது யாரை முதலிலே தூக்குவது? தளபதியையா? பிரபுவையா? நம் படைக்காரனையா? லாரே வகுத்த விதி இது: காயத்தின் கொடுமையைப் பார், ஆளின் பட்டத்தைப் பாராதே. கொடிய காயம் பட்டவனுக்கு முதலிடம். இலேசான காயம் பட்டவன் காத்திருக்க வேண்டும், அவன் எவ்வளவு பெரிய பதவியிலே இருந்தாலும் சரி. எதிரிப் படையின் சிப்பாயாக இருந்தாலும் அதே விதிதான். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளிலே அவசரப் பிரிவு வாயிலில் இந்த விதிதான் நடைமுறை. அதை முறையாக வகுத்து, குண்டு மழைக்கு நடுவே நடத்திக் காட்டிய முன்னோடி அந்தச் செருப்புத் தொழிலாளியின் மகன்.

விதி எழுதுவது எளிது. பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கும்போது அதைக் காப்பதுதான் சோதனை. 1809ஆம் ஆண்டு வியன்னாவுக்கு அருகே எஸ்லிங் போர். காயம்பட்டவர்கள் ஆயிரமாயிரமாக, டான்யூப் ஆற்றின் லோபாவ் தீவிலே சிக்கிக் கொண்டார்கள். பாலம் உடைந்தது, உணவு இல்லை. லாரே என்ன செய்தார் தெரியுமா? குதிரைகளைக் கொன்று கஞ்சி காய்ச்சச் சொன்னார். அவற்றிலே அதிகாரிகளின் குதிரைகளும் உண்டு! பாத்திரம் இல்லை, மார்புக் கவசங்களைக் கவிழ்த்துப் பாத்திரமாக்கினார். உப்பு இல்லை, வெடிமருந்தைத் தூவினார். குதிரை இழந்த பெரிய மனிதர்கள் நெப்போலியனிடம் முறையிட்டார்கள். காயம்பட்டவர்களுக்கு உணவு வேண்டியிருந்தது என்று லாரே விடை சொன்னார். பேரரசனும் வாய் மூடினான். அதே ஆண்டிலே லாரேக்கு பாரன் பட்டம் கிடைத்தது. பட்டம் பார்க்காத மனிதரைப் பட்டம் தேடி வந்தது!

1812. ரசியப் படையெடுப்பு. முழுப் பெரும்படைக்கும் தலைமை அறுவை மருத்துவர் லாரே. பொரொடினோ போரிலே இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 200 உறுப்புகளை அவர் எடுக்க நேர்ந்தது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள், நெஞ்சு நடுங்கும்.

அந்தப் படையெடுப்பிலே ஒரு காட்சி நடந்தது. நம் தோழர்கள் மறக்கக் கூடாத காட்சி. மாஸ்கோவிலிருந்து படை பின்வாங்கிற்று. வழியிலே, பொரொடினோவுக்கு அருகே கொலொட்ஸ்கோய் மடத்திலே காயம்பட்டவர்கள் பட்டினியோடு கிடந்தார்கள். அவர்களை வண்டிகளிலே ஏற்றும்படி நெப்போலியன் ஆணையிட்டான். வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. மாஸ்கோவிலே கொள்ளையடித்த பொருள்களை ஏற்றிய வண்டிகள் வரிசை வரிசையாக வந்தன. ஏற்றினார்கள். ஆனால் நடந்தது என்ன? வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே மேடு பள்ளங்களிலே விரைந்து ஓட்டினார்கள். காயம்பட்டவர்கள் உருண்டு விழுந்தார்கள். பின்னால் வந்த வண்டி நிற்காமல் போயிற்று. கொள்ளைப் பொருள் தங்கிற்று. மனிதன் சாலையிலே விழுந்தான்!

வண்டி இருந்தது, குதிரை இருந்தது, பேரரசனின் ஆணையும் இருந்தது. இல்லாதது எது? மேற்பார்வை! ஒவ்வொரு வண்டிக்கும் பொறுப்பேற்று, ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணிக் கேட்க ஒரு ஆள் இல்லை. பறக்கும் ஆம்புலன்சுக்கும் கொள்ளை வண்டிக்கும் வேறுபாடு சக்கரத்திலே இல்லை. அதைக் கண்காணித்த மனச்சான்றிலே இருந்தது.

அந்தப் பேரழிவிலே சிப்பாய்கள் லாரேக்குக் கொடுத்த நற்சான்று ஒன்று உண்டு. பெரசினா ஆற்றுப் பாலத்திலே ஒருவரையொருவர் மிதித்துக் கொண்டு கூட்டம் நெருக்கிற்று. அண்ணன் தம்பியைத் தள்ளிய நேரம். அந்த நேரத்திலே லாரேயை அடையாளம் கண்ட சிப்பாய்கள், அவரைத் தலைக்கு மேலே தூக்கி, கைக்குக் கை மாற்றி அக்கரை சேர்த்தார்கள். அவர் அவர்களைத் தூக்கினார். அவர்கள் அவரைத் தூக்கினார்கள். எந்த மன்னன் தரும் பதக்கம் இதற்கு ஈடாகும்?

1813இல் இன்னொரு சோதனை. லுட்சன், பௌட்சன் போர்களிலே இளஞ்சிப்பாய்கள் பலருக்குக் கையிலும் விரலிலும் காயம். கோழைகள், போருக்கு அஞ்சித் தாங்களே சுட்டுக் கொண்டவர்கள், சிலரைச் சுட்டுத் தள்ளினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்றார்கள் மேலதிகாரிகள். நெப்போலியனும் அதை நம்பினான். லாரே நம்பவில்லை. விசாரணை வேண்டும் என்று வாதாடினார். அவர் தலைமையிலே குழு அமைந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். முடிவு? குற்றத்துக்குச் சான்று இல்லை! மூன்று வரிசையாக நிறுத்தப்பட்ட, பயிற்சி போதாத பிள்ளைகள். பின் வரிசைக்காரன் சுட்டது முன் வரிசைக்காரனின் உயர்த்திய கையிலே பாய்ந்திருக்கிறது. மேட்டை நோக்கி ஏறிச் சுட்டபோது எதிரியின் குண்டும் கையிலேயே முதலில் பட்டிருக்கிறது. குற்றம் சிப்பாயின் நெஞ்சிலே இல்லை. அவனைப் பயிற்றாமல் அனுப்பிய ஏற்பாட்டிலே இருந்தது.

பேரரசன் வேறு முடிவை எதிர்பார்த்திருந்தான். அது தெரிந்தும் லாரே உண்மையை எழுதினார். பல உயிர்கள் பிழைத்தன. நெப்போலியனும் உண்மையை ஏற்று அவருக்குப் பரிசளித்தான்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, இந்த வழக்கு உங்களுக்குப் புதிதா? இயந்திரத்திலே விரல் போனால், தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதலில் எழுதுபவர் யார்? இயந்திரத்துக்குக் காப்பு இருந்ததா, பயிற்சி கொடுத்தார்களா, எத்தனை மணி நேரம் தூக்கமில்லாமல் நிறுத்தினார்கள் என்று பிறகு கேட்பவர் எத்தனை பேர்? காயத்துக்குக் கட்டுப் போடுவது மருத்துவம். காயத்துக்குக் காரணத்தைக் கண்டு சொல்லுவது அதைவிடப் பெரிய மருத்துவம். லாரே இரண்டையும் செய்தார்.

1815, வாட்டர்லூ. தோல்வியிலே லாரே பிரசியர்களிடம் சிக்கினார். நெப்போலியனைப் போன்ற தோற்றமும் உடையும் கொண்டிருந்ததால், சுட்டுக்கொல்லப் போனார்கள். அவருடைய பாடத்தைக் கேட்டிருந்த ஒரு மருத்துவர் அடையாளம் கண்டு தடுத்தார். பிரசியத் தளபதி புளூக்கரிடம் கொண்டு சென்றார்கள். புளூக்கரின் மகனுக்கு முன்பு உயிர் கொடுத்தவர் லாரே என்பது வரலாறு. விடுதலை ஆனார். எதிரியின் பிள்ளைக்கும் விதி ஒன்றே என்று வைத்தவருக்கு, அந்த விதியே கேடயமாயிற்று.

மன்னராட்சி திரும்பியபோது அவர் ஓய்வூதியம் பறிபோயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. செயிண்ட் எலினாத் தீவிலே 1821இல் இறந்த நெப்போலியன், தான் அறிந்தவர்களிலே மிகவும் நேர்மையானவர் என்று தன் உயிலிலே குறித்து, லாரேக்கு ஒரு இலட்சம் பிராங்கு எழுதி வைத்திருந்தான். 1830 புரட்சியின்போது, கொந்தளித்த கூட்டம் அவருடைய மருத்துவமனை வாயிலுக்கு வந்தபோது, உள்ளே கிடந்த காயம்பட்ட காவற்படையினருக்கு அரணாக, அறுபத்துநான்கு வயதிலே வாயிலை மறித்து நின்றார். 1842இல் அல்சீரியா சென்று அங்குள்ள படை மருத்துவமனைகளை மேற்பார்த்துத் திரும்பும் வழியிலே, சூலை 25ஆம் நாள், லியோன் நகரிலே உயிர் துறந்தார். அவர் துணைவியார், ஓவியரான சார்லொட் எலிசபெத், மூன்று நாள் முன்புதான் மறைந்திருந்தார். எழுபத்தாறு வயது வரை மேற்பார்வைப் பணி. அந்தப் பணியின் வழியிலேயே முடிவு! 1992இல் அவருடைய எச்சம் பாரிஸ் இன்வாலித் மாளிகைக்குக் கொண்டு வரப்பட்டது.

லாரேயைப் புகழும் நாம் ஒன்றை மறைக்கவும் மாட்டோம். அவர் உழைத்தது ஒரு பேரரசனின் மண்ணாசைக்காக நடந்த போர்களிலே. அவர் ஒரு கையைக் காத்தால், அவருடைய தலைவன் ஆயிரம் தலைகளைப் பலியிட்டான். பறக்கும் ஆம்புலன்சும் பெரும்பாலும் மெய்க்காவற்படைக்கே முழுமையாகக் கிடைத்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் நிலையான அமைப்பாக அதை நெப்போலியன் ஆக்கவில்லை. பண்டகமும் போக்குவரத்தும் நிர்வாக அதிகாரிகள் கையிலே. மருத்துவர்களோ அவர்களிடம் கேட்டுப் பெறும் நிலையிலே. பீரங்கிக்குப் பணம் இருந்தது, படுக்கைக்கு இல்லை! ஒரு தனி மனிதரின் உறுதி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதை அரசு தன் கடமையாக ஏற்காத வரை எல்லார்க்கும் பயன் தராது. லாரேயின் வாழ்வு கற்பிக்கும் பாதிப் பாடம் அது.

மறு பாதிப் பாடம் நமக்கு. 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலே 108 என்ற எண்ணைச் சுழற்றினால் வண்டி வருகிறது. கட்டணம் இல்லை, சாதி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. அந்த வண்டியிலே ஓட்டுநர் இருக்கிறார். மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அவர்களுக்குப் பின்னே, வண்டி புறப்படும் முன் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கவும், ஆக்சிசன் உருளையைத் திறந்து பார்க்கவும், எந்த ஊரிலே எந்த வண்டி நிற்க வேண்டும் என்று முடிவு செய்யவும் களப் பொறுப்பாளர் வேண்டும். மாலையிட யாரும் வராத வேலை அது. ஒரு நாள் தவறினால் ஒரு உயிர் தவறும் வேலை. அந்த ஊழியர்கள் அனைவரும் லாரேயின் வாரிசுகள். அவர்களுடைய உழைப்பு நேரத்தையும் ஊதியத்தையும் பற்றிப் பேச்சு எழும்போது, தோழர்கள் இதை நினைவிலே கொள்ள வேண்டும்.

அடுத்த முறை சங்கொலி கேட்கும்போது ஒதுங்கி வழி விடுங்கள். உள்ளே கிடப்பவர் யாரோ ஒரு தொழிலாளியாக இருக்கலாம். அவருக்காகச் சீமானின் கார் காத்து நிற்கிறது. அந்த நீதியைத் தைத்துத் தந்தவர், செருப்புத் தைத்தவரின் மகன்!